முய் நேயில் மலிவாக ஓர் அறை, கடலும் தெரியவேணும்

விமானம் பிந்தினால் சனம் விமானக் கொம்பனியைத் திட்டும், மழை பெய்தால் கடவுளைத் திட்டும், ஹொட்டேல் தலையணை கல்லுமாதிரி இருந்தால் மட்டும் அந்த அறையைப் பதிந்து கொடுத்தவளைத் தேடி வந்து திட்டும். எங்கள் தொழில் அப்படிப்பட்டது.

லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில், ஒரு நகைக்கடைக்கும் ஒரு மரக்கறிக் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பயண முகவர் கடையொன்றில் பதினெட்டு வருசமாகக் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறேன். முந்தி எல்லாரும் கேட்டது கொழும்பு டிக்கெட்டும் சென்னை டிக்கெட்டும்தான். இப்போது வியட்நாம். அதிலும் முய் நே என்ற ஒரு கடற்கரை ஊர். சைகோனில் இறங்கி, படுத்துக்கொண்டே போகும் பஸ்ஸில் ஏறி, நாலைந்து மணித்தியாலம் போகவேண்டும். மணல்மேடு, காற்று, மீன்பிடி வள்ளம், மலிவான ஹொட்டேல். அங்கே இருப்பது அவ்வளவுதான். நாங்கள் ஆட்களை அனுப்புவது லான் என்ற ஒரு அம்மா நடத்தும் இருபது அறை ஹொட்டேலுக்கு. அவவுக்கு இங்கிலீஷ் வராது. நான் எழுதுவதை மொழிபெயர்க்கிற மெஷினில் போட்டு வாசிப்பா, பதிலையும் மெஷினில் போட்டு அனுப்புவா. இத்தனை வருசத்தில் எனக்கு நேரான பதில் சொன்ன ஒரே ஆள் அவதான்.

உங்களில் யாராவது ஒரு கவுண்டருக்குப் பின்னால், ஒரு போனுக்குப் பின்னால், "ஒருக்கா செக் பண்ணிச் சொல்லுங்கோ" என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டே காலம் தள்ளுபவராக இருந்தால், இதை வாசித்து ஆறுதல்படுங்கள். மற்றவர்கள் வெட்கப்படலாம்.

தொடக்கி வைத்தவர்

இந்த வியட்நாம் வருத்தத்தை எங்கள் சனத்துக்குத் தொற்ற வைத்தவர் கிங்ஸ்பரிப் பக்கம் இருக்கும் யோகன். பெற்றோல் ஸ்டேஷன் ஒன்றை நடத்துகிறார், அதைவிட அதிகமாகத் தன்னுடைய பெயரை நடத்துகிறார். போன வருசம் மனுசியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முய் நேக்குப் போனார். நான்தான் லானின் ஹொட்டேலைப் பதிந்து கொடுத்தேன். அங்கிருந்து ஒவ்வொரு நாளும் வீடியோ போட்டார். வீடியோவில் மணல்மேடு வந்தது, இளநீர் வந்தது, வட்டக் கூடைமாதிரியான வள்ளத்தில் அவர் ஏறி விழப்பார்த்தது வந்தது. ஹொட்டேல் மட்டும் வரவில்லை. பக்கத்திலிருந்த பெரிய ரிசோர்ட்டின் வாசலில் நின்று, "நாங்கள் இப்ப ஹொட்டேலால வெளிக்கிடுறம்" என்று ஒரு வீடியோ. அந்த வாசலின் காவல்காரர் பின்னால் நின்று கையைக் காட்டி விலகச் சொல்வதும் அதிலேயே தெரிந்தது.

அவர் திரும்பி வந்த கிழமையிலிருந்து கடைக்குள் சனம். எல்லாருக்கும் யோகன் போன ஹொட்டேல் வேணும். யோகன் போனது எந்த ஹொட்டேல் என்று நான் சொன்னதும் எல்லாருக்கும் முகம் விழும், விலையைச் சொன்னதும் அதே முகம் எழும்பும். மூன்றாம் கிழமை யோகனே வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று மடைத்தனமாக நினைத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்: "எனக்குக் குடுத்த விலையை மற்றவைக்குக் குடுக்காதேங்கோ தங்கச்சி. பேந்து நான் போனதில என்ன இருக்கு?"

சேவல்

ஹரோவில் சிவநாதன் என்றொருவர். கொம்ப்யூட்டர் வேலை. பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருக்கும் நேரத்தில் மெட்ரோபொலிட்டன் லைன் எடுத்து, பிறகு மாறி, லண்டனின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்கு எங்கள் கடைக்கு வருவார். ஹரோவிலும் ட்ராவல்ஸ் இருக்கிறதே என்று கேட்டதற்கு, அங்கே தன்னைத் தெரியும் என்றார். ஏன் தெரியும் என்பது எனக்கு மூன்றாவது சனிக்கிழமை விளங்கியது. முய் நேயிலுள்ள நாற்பத்தொரு மலிவு ஹொட்டேல்களை ஒரு அட்டவணையாகப் போட்டு அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார். கடலுக்கு எத்தனை அடி, மெத்தையின் தடிப்பு, குளிக்கும் தண்ணீர் சுடுவதற்கு எடுக்கும் நேரம், எல்லாம் இருந்தது. லானின் ஹொட்டேலுக்கு நேரே சிவப்பில் ஒரே ஒரு சொல்: "சேவல்". யாரோ ஒருவர், காலமை ஐந்து மணிக்குச் சேவல் கூவியது என்று எழுதியிருக்கிறார். ஓகஸ்ட்டிலும் அந்தச் சேவல் இருக்குமா என்று ஹொட்டேலிடம் கேட்டுச் சொல்லட்டாம்.

கேட்டேன். பதினெட்டு வருச அனுபவமுள்ள ஒரு மனுசி, சேவலைப் பற்றி வியட்நாமுக்கு மின்னஞ்சல் எழுதினேன். லான் பதில் போட்டா: "சேவல் எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டாருடையது. அது ஆரோக்கியமாக உள்ளது." சிவநாதன் அதை இரண்டு தரம் வாசித்தார், அட்டவணையை மடித்தார், போனார். பிறகு வீட்டிலிருந்து தானே இணையத்தில் வேறொரு ஹொட்டேலைப் பதிந்துகொண்டார். அதே பெயரில் இரண்டு ஹொட்டேல் இருக்கிறது, ஒன்று முய் நேயில், மற்றது பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் தள்ளி இன்னொரு கடற்கரை ஊரில். அவர் காசு கட்டியது அந்த இரண்டாவதுக்கு. குடும்பத்தோடு முய் நேயில் வந்து இறங்கி, பெட்டிகளோடு வாசலில் நின்றுதான் அதை அறிந்திருக்கிறார். திரும்பி வந்ததும் முதல் சனிக்கிழமையே கடைக்கு வந்து, நான் பதியாத, நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஹொட்டேலுக்காக என்னைக் கூண்டிலேற்றினார்: "இப்பிடி ஒரே பேரில ரெண்டு இருக்கெண்டு நீங்கள் எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம்தானே? அதுக்குத்தானே உங்களிட்ட வாறது?"

கண்ணாடியில் ஒட்டிய படம்

எங்கள் முதலாளி செல்வராஜ் திருச்சிக்காரர். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "ஆமா" என்பார், பிறகு அதை நிறைவேற்றும் பொறுப்பை என் மேசையில் வைப்பார். வியட்நாம் சூடு பிடித்ததும் கடைக் கண்ணாடியில் பெரிய படமொன்றை ஒட்டினார். பளிங்கு போன்ற நீலத் தண்ணீர், தண்ணீருக்கு மேலே மரக் குடில்கள், கீழே "முய் நே" என்று எழுத்து. முய் நேயின் கடல் பெரும்பாலும் மண்ணிறம், சில மாதங்களில் அலை கரையை அரித்து, சில ஹொட்டேல்களுக்கு முன்னால் மணலே இல்லாமல் சீமெந்துச் சுவர்தான் நிற்கும். இது அவருக்கும் தெரியும். ஒரு பெட்டை வந்து, ஆஸ்பத்திரியில் வேலை செய்பவளாம், படத்திலிருக்கும் அந்தக் குடில்தான் வேணும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அது வேறு நாட்டுப் படம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அவள் போனபிறகு முதலாளியிடம், இதைக் கழற்றுங்கோ, சனம் ஏமாறுது என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்: "கடல் எல்லாம் ஒண்ணுதாம்மா. எங்க எடுத்தா என்ன?"

பருப்பு

மீன்சோஸ் என்று ஒரு சாமான் இருக்கிறது. மீனையும் உப்பையும் பெரிய தாழிகளில் மாதக்கணக்காக ஊறவைத்து வடிப்பார்கள். முய் நேப் பக்கம் அதற்குப் பேர்போனது. காற்று ஒரு பக்கமாக அடித்தால் ஊரே மணக்கும். இதைச் சுத்த சைவமான ஒரு கிங்ஸ்பரித் தம்பதியிடம் நான் படித்துப் படித்துச் சொன்னேன். மனுசன் மணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருடைய கேள்வி ஒன்றுதான்: ரைஸ் குக்கர் கொண்டுபோக ஏலுமோ? லானிடம் கேட்டேன். அறைக்குள் சமைக்கக் கூடாது என்று எழுதினா. அதை அவர்களிடம் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, குக்கரையும், பருப்பையும், நாலு கிலோ அரிசியையும், அரிசி விளையும் நாட்டுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள்.

முதல்நாளே குக்கரைச் செருகியதில் அந்த மாடி முழுக்கக் கரண்ட் போனது. வேறு யாராவது என்றால் வெளியே போடு பெட்டியை என்றிருப்பார்கள். லானோ இவர்களைத் தன்னுடைய வீட்டுக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு அடுப்பை ஒதுக்கி, ஒரு சட்டியைப் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறா. ஏழு நாளும் இவர்கள் அங்கேதான் சமைத்தார்கள். மூன்றாம் நாள் லான் ஒரு கோப்பையை நீட்ட, இவர்கள் கொஞ்சம் பருப்பு ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவவுக்கு அது பிடித்துப்போய், பிறகு ஒவ்வொரு நாளும் கோப்பையோடு வந்திருக்கிறா. இவ்வளவும் எனக்குச் சொன்னது இவர்களே. கேட்கக் கேட்க எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அப்ப நல்லாய் எழுதிவிட்டிருப்பீங்கள், அஞ்சு ஸ்டார் போட்டிருப்பீங்கள் என்றேன். தம்பதியில் பெண்சாதி உதட்டைப் பிதுக்கினா: "எல்லாம் நல்லம். ஆனா அந்த மனுசி எங்கட பருப்பிலயெல்லோ கை வைச்சிட்டா. அதால மூண்டுதான் போட்டனான்."

நாங்கள் வேற

கல்யாணமாகி இரண்டு மாதமான ஒரு சோடி. இரண்டு பேரும் இங்கே பிறந்ததுகள். என்னோடு ஆன்ரி என்று தொடங்கி மிச்சத்தை இங்கிலீஷில் பேசினார்கள். டூரிஸ்ட் ஒருவரும் போகாத இடமாக, ஆனால் வைஃபை வேகமாக, ஏசி குளிராக, காலமைச் சாப்பாட்டில் அவகாடோ இருக்கக்கூடியதாக, விலையும் குறைவாகப் பார்க்கட்டாம். முய் நேயே டூரிஸ்ட் ஊர்தானே பிள்ளையள், நீங்களும் டூரிஸ்ட்தானே என்றேன். பெடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பாவம் ஆன்ரிக்கு உலகம் தெரியாது என்ற சிரிப்பு. பெட்டைதான் எனக்கு விளங்கவேண்டும் என்று பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்: "நோ ஆன்ரி, அவை டூரிஸ்ட். நாங்கள் ட்ராவலர்ஸ்."

சன்னல் இல்லாத அறை

எங்கள் பகுதித் தேவாலயத்துப் பங்கு ஆட்கள் பதினாறு பேர் வியட்நாமுக்குப் போனார்கள். முதலில் ஒரு மாதா கோயில், பிறகு முய் நேயில் நாலு நாள். ஒழுங்கு செய்தவர் சூசை அண்ணை. அவர் ஒரு விசயத்தை ஒழுங்கு செய்கிறார் என்றால் அதில் மற்றவர்களுக்கு மூச்சுவிட இடமிருக்காது. ஒரு அறைக்கு மூன்று பேர், தனியாக வாற பொம்பிளையள் எல்லாரும் ஒரே அறை, மேலதிகக் கட்டில் ஒன்றைப் போட்டால் நாலு பேர் படுக்கலாம் என்று கடதாசியில் கோடு போட்டுக் கொண்டு வந்தார். தனக்கும் தன்ர மனுசிக்கும் மட்டும் கடல் பார்த்த அறை. ஏனென்று கேட்டேன். ஒழுங்கு செய்யிற ஆளுக்கு நிம்மதி வேணுமாம்.

அடுத்தநாள் மத்தியானம் ரோசலின் அக்கா வந்தா. மன்னார்ப் பக்கம், ஐம்பத்தெட்டு வயது, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. அந்த நாலு பேரில் ஒருத்தி. சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தா, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. தனக்குத் தனி அறை வேணும், மேலதிகக் காசைத் தானே கட்டுவாவாம், சூசை அண்ணைக்கு மட்டும் தெரியக்கூடாதாம். ஏனக்கா, அவையோட ஏதும் பிரச்சினையோ என்று கேட்டேன். இல்லை என்றா. சின்ன வயதில் ஏழு பேர் ஒரு அறை, பிறகு அகதி முகாம், பிறகு இங்கே வந்து ஹொஸ்டல், பிறகு தமக்கை வீட்டில் பிள்ளைகளோடு, இப்போது இரண்டு பொம்பிளையளோடு வாடகைக்கு. பிறந்ததிலிருந்து ஒருநாளும் தனிய ஒரு அறையில் படுத்ததில்லையாம். அதை முறைப்பாடு மாதிரிச் சொல்லவில்லை, பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொன்னா.

சூசை அண்ணையிடம் நான் பொய் சொன்னேன். ஹொட்டேல் கணக்குப் பிசகி ஒரு அறையைச் சும்மா தந்திருக்கு, அதை ரோசலின் அக்காவுக்குப் போட்டிருக்கிறன் என்றேன். மனுசன் பாய்ந்து விழுந்தார். சும்மா வாற அறை என்றால் அது ஒழுங்கு செய்யிற ஆளுக்குத்தான் வரவேணுமாம், தன்ர பெட்டிகளை வைக்கலாமாம். அந்த அறைக்குச் சன்னல் இல்லை அண்ணை, கரப்பான் பூச்சி வரும் எண்டும் சொல்லினம் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். உடனே அவருக்குத் தாராள மனம் வந்து, ரோசலினுக்கே குடுங்கோ என்று விட்டுக்கொடுத்தார். போய் வந்தபிறகு ரோசலின் அக்காவை மரக்கறிக் கடையில் கண்டேன். கடல் எப்பிடியக்கா என்று கேட்டேன். கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "கடலுக்கு ஒருநாளும் போகேல்லைத் தங்கச்சி. நாலு நாளும் கதவைப் பூட்டிப்போட்டு நித்திரை கொண்டனான்."

ஒரு எழுத்து

பவானி அக்காவை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்றிருந்த காலம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்கிற மனுசி. முய் நேயில் ஏழு நாள், இரண்டு அறை வேணும் என்று வந்தா. அறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேணும், கீழ்த்தட்டில் இருக்கவேணும், குளிக்கிற இடத்தில் படி இருக்கக்கூடாது, பஸ் நிற்கிற இடம் கிட்ட இருக்கவேணும், எல்லாவற்றையும்விட விலை குறையவேணும். இதையே ஏழு தரம் வந்து கேட்டா. ஒவ்வொரு தரமும் நான் லானுக்கு எழுத, லான் ஒவ்வொரு தரமும் "ஆம், படி இல்லை" என்று பதில் எழுதினா. எட்டாம் தரம் வந்தபோது தன்ர அண்ணனின் பாஸ்போட்டின் போட்டோக் கொப்பியைத் தந்தா. அவவின் அண்ணன், கிளிநொச்சியில் இருக்கிறார், ஒரு கால் பொய்க்கால். அவர் லண்டன் வர மூன்று தரம் விசா கேட்டு மூன்று தரமும் மறுத்துவிட்டார்கள். அக்காவுக்கு ஊருக்குப் போகப் பயம், இன்றைக்கும் பயம். இருபத்திரண்டு வருசமாக அண்ணனும் தங்கச்சியும் போனில்தான். பிரிட்டிஷ் பாஸ்போட் என்றபடியால் வியட்நாமுக்கு அவவுக்கு விசா தேவையில்லை, அவருக்கு இணையத்தில் விசா எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடல் தெரியவேணும் என்று கேட்காத ஒரே வாடிக்கையாளர் அவ என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உறைத்தும் என்ன? விசாப் படிவத்தை நிரப்பும்போது போனில் வேறொருவர் தலையணையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார், எதிரே பவானி அக்கா "எல்லாம் சரிதானே தங்கச்சி?" என்று நச்சரித்துக்கொண்டிருந்தா. சரி சரி என்று எரிச்சலோடு அடித்து முடித்து, கையெழுத்து வையுங்கோ என்று நீட்டினேன். பாஸ்போட் இலக்கத்தின் முதல் எழுத்து N. நான் அடித்தது M. ஒரு மாதம் கழித்து, நான் காலமை கடையைத் திறந்து ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. பவானி அக்கா முய் நேயிலிருந்து. அண்ணனைக் கொழும்பு விமான நிலையத்தில் மறித்துவிட்டார்கள், விசாவில் இலக்கம் பிழையாம், விமானம் போய்விட்டதாம். எனக்குப் பின்னால் வந்து நுழைந்த முதலாளி என்னைப் பார்த்துப் போனைப் பொத்தச் சொல்லிச் சைகை காட்டினார். "ஃபார்ம்ல அவங்க கையெழுத்து இருக்கும்மா. அவங்க செக் பண்ணலைன்னு சொல்லிடு. நாம மாட்டக்கூடாது" என்றார். இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி இவ்வளவு நேரம் எவ்வளவு எள்ளலாக எழுதினேன்! நானும் அதையேதான் செய்தேன். "நீங்கள் பாத்துத்தானே அக்கா கையெழுத்து வைச்சனீங்கள்?" என்றேன். அவ மெதுவாக, "ஓம் தங்கச்சி. என்ர பிழைதான். இப்ப என்ன செய்யலாம்?" என்றா.

அந்த "ஓம்" என்னை இருக்கவிடவில்லை. சைகோனில் அவசர விசா எடுத்துத் தரும் ஒருவரைப் பிடித்தேன். லானுக்கு எழுதினேன், அவவும் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்தா. விமானக் கொம்பனியின் கொழும்பு அலுவலகத்தோடு மல்லுக்கட்டிப் பழைய டிக்கெட்டின் திகதியை மாற்றினேன். அண்ணன் அங்கே ஒரு உறவுக்காரர் வீட்டில் பொய்க்காலோடு பெட்டிமேல் இருந்தார், ஒவ்வொரு மணித்தியாலமும் எனக்கு அழைத்து, "பிள்ளை, வந்திட்டுதோ?" என்று மட்டும் கேட்டார், ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. மூன்றாம் நாள் விசா வந்தது. புதிய விசாவில் அந்த எழுத்தை நான் விரலை வைத்துப் பத்துத்தரம் பார்த்தேன். அவர் போய்ச் சேர்ந்தபோது ஏழு நாளில் மூன்றுதான் மிச்சம். லான் அடுத்த ஆட்களை மேல்மாடிக்கு மாற்றி இவர்களுக்கு மேலும் இரண்டு நாள் விட்டுக் கொடுத்தா. அக்காவும் வேலையிடத்தில் கெஞ்சி, டிக்கெட்டைப் பின்போட்டு நின்றா.

திரும்பி வந்த அக்கா, ஒரு பையில் வற்றல் கணவாயோடு கடைக்கு வந்தா. பஸ் நிற்கும் இடத்தில் விடியக் காலமையிலிருந்து நின்றாவாம். அண்ணன் இறங்கினதும் அவருடைய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாவாம். அவர் ஹொட்டேலைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதன்முதலாகச் சொன்னது, "ஏனடி இவ்வளவு செலவழிச்சுப் பெரிய இடமாப் பாத்தனி?" என்று ஒரு பேச்சுத்தானாம். அந்த ஊரிலேயே மலிவான அறை அது. பிறகு ஒவ்வொரு பின்னேரமும் பிளாஸ்டிக் கதிரை இரண்டைக் கரையில் போட்டு, அவர் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சின்ன வயதுச் சண்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தார்களாம். முதலாளி பக்கத்தில் இருக்கத்தக்கதாகவே சொன்னேன்: அக்கா, அந்த எழுத்தைப் பிழையா அடிச்சது நான்தான், உங்களில பழியைப் போட்டிட்டன், உங்களுக்கு வரவேண்டிய நாலு நாளைத் திண்டது நான். அவ பையிலிருந்த கணவாயை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, கொஞ்சமும் அதிராமல் சொன்னா: "அது எனக்கு அண்டைக்கே தெரியும் தங்கச்சி, பாஸ்போட் கொப்பி என்ர போனில இருந்தது. அந்த நேரம் உம்மோட சண்டை பிடிச்சா, பேந்து விசாவை ஆர் எடுத்துத் தாறது?"

இவ்வளவு பேரை அனுப்பியும் நான் இன்னும் முய் நேயைக் கண்ணால் கண்டதில்லை. என்னுடைய விடுமுறைக்கு வருசத்தில் ஒருநாள் ரயிலேறி சவுத்எண்ட் கடலுக்குப் போவேன், ஆனால் பின்னேரமே வீட்டுக்குத் திரும்பிவிடுவேன், ஏனென்றால் ஹொட்டேல் பதிகிற ஆட்களை நம்பி ஒரு இரவுகூடத் தங்க ஏலாது.